எழுபது லட்சம் சேர்மானங்களும் கடை இயந்திரமும்: வர்ஜீனியா லாட்டோ 1992, ஒரு நிகழ்வு ஆய்வு

1992 பிப்ரவரி 15, சனிக்கிழமை, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டோ குலுக்கலில் 8, 11, 13, 15, 19, 20 என்ற ஆறு எண்கள் வந்தன. அன்றைய ஜாக்பாட், அதாவது ஆறும் பொருந்தினால் கிடைக்கும் முதல் பரிசு, சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். அந்த ஆறு எண்களையும் கொண்ட ஒரே டிக்கெட் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து இயங்கிய ‘இன்டர்நேஷனல் லாட்டோ ஃபண்ட்’ என்ற முதலீட்டுக் குழுவின் கையில் இருந்தது. அந்தக் குழு எந்த எண்ணையும் ஊகிக்கவில்லை. சாத்தியமான எல்லாச் சேர்மானங்களையும், அதாவது ஆறெண் தொகுப்புகள் அனைத்தையும், வாங்கிவிடுவது என்பதே அதன் திட்டம்; அதற்காக ருமேனியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பொருளியலாளர் ஸ்டெஃபான் மாண்டெல் சுமார் 2,500 பேரிடம் முதலீடு திரட்டியிருந்தார்.

இந்த நிகழ்வை ‘கணக்குப் போட்டு லாட்டரியை வென்ற மனிதர்’ என்ற தலைப்பில் சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஆனால் இதில் உள்ள கணக்கைப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் ஒரே வரியில் போட்டுவிடுவார். கணக்கிட்ட எழுபது லட்சம் சேர்மானங்களை ஒன்று விடாமல், ஒன்றும் இரட்டிக்காமல் உருவாக்கி, அவற்றைக் காகிதமாக்கி, கடை இயந்திரத்தின் வழியே செல்லுபடியாகும் டிக்கெட்டுகளாக மாற்றியதுதான் உண்மையான வேலை. அந்த வேலை எங்கே நடந்தது, எங்கே முறிந்தது என்பதையே இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

முதலில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் தடை வரும்வரை விற்ற சீட்டுகளும், கேரள அரசு இன்றும் விற்கும் சீட்டுகளும் எண்கள் அச்சிடப்பட்டே கடைக்கு வருபவை. வாங்குபவர் இருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுக்கலாமே தவிர, எண்ணைத் தாமே அமைக்க முடியாது. ஒரு எண்ணுள்ள சீட்டு ஒருவரிடம் போய்விட்டால் அதே சீட்டு இன்னொருவருக்குக் கிடைக்காது. லாட்டோ வேறு வகை ஆட்டம். வர்ஜீனியாவில் 1 முதல் 44 வரையுள்ள எண்களில் ஆறினை வாங்குபவரே தேர்ந்தெடுத்தார். ஒரே சேர்மானத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது வென்றால் பரிசு அவர்களுக்குள் பங்கிடப்படும். எல்லாச் சேர்மானங்களையும் ஒருவரே வாங்கும் வாய்ப்பையும், அப்படி வாங்கியும் நட்டப்படும் வாய்ப்பையும் ஒருசேரத் தருவது இந்த அமைப்புதான்.

எண்ணிக்கை

44 எண்களில் முதலாவதை 44 வழிகளிலும், அடுத்ததை 43 வழிகளிலும், இப்படியே ஆறாவதை 39 வழிகளிலும் எடுக்கலாம். இவற்றைப் பெருக்கினால் 508,25,17,440 வருகிறது. குலுக்கலில் எண்கள் வரும் வரிசைக்கு மதிப்பில்லை என்பதாலும், ஆறு எண்களை 720 விதங்களில் வரிசை மாற்ற முடியும் என்பதாலும், அந்தத் தொகையை 720-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 70,59,052. ஒரு சேர்மானத்தின் விலை ஒரு டாலர். ஆகவே முழுவதையும் வாங்க 70,59,052 டாலர் போதும்.

எல்லாவற்றையும் வாங்கினால் ஜாக்பாட்டுடன் சிறு பரிசுகளும் தாமாகவே வந்துசேரும். ஐந்து எண்கள் மட்டும் பொருந்தும் சேர்மானங்கள் 228. நான்கு பொருந்துபவை 10,545. மூன்று பொருந்துபவை 1,68,720. எந்த ஆறு எண்கள் வந்தாலும் இந்த எண்ணிக்கைகள் மாறா. இந்தச் சிறு பரிசுகள் அனைத்தின் மதிப்பும் சேர்ந்து சுமார் 9 லட்சம் டாலர் என்று அக்காலச் செய்திகள் குறிப்பிட்டன. எழுபது லட்சத்துக்கு எதிரே வைத்தால் இது சிறு தொகை. ஜாக்பாட் சாதாரண அளவில் இருக்கும் வாரத்தில் முழு வாங்கல் என்பது உறுதியான நட்டமே. யாரும் வெல்லாத வாரங்களில் பரிசுத்தொகை அடுத்த குலுக்கலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெருகும்போதுதான், முன்பு தோற்றவர்களின் பணம் மேசையில் குவிந்துகிடக்கும்போதுதான், இந்தத் திட்டத்துக்கு உயிர் வருகிறது.

2 கோடியே 70 லட்சத்தில் 70 லட்சத்தைக் கழித்து இரண்டு கோடி லாபம் என்று எழுதுபவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, அந்தப் பரிசு ஒரே தொகையாகக் கிடைக்கவில்லை; இருபது ஆண்டுத் தவணைகளாக, ஆண்டுக்குச் சுமார் 13.5 லட்சம் டாலராகக் கிடைத்தது. ஆண்டு வட்டி 7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, முதல் தவணை உடனே கிடைப்பதாகக் கொண்டால், இருபது தவணைகளின் அன்றைய மதிப்பு சுமார் 1 கோடியே 53 லட்சம் டாலர். அதாவது அறிவித்த தொகையில் 57 விழுக்காடு. இரண்டாவது, பங்கீடு. மற்றவர்கள் தற்செயலாக வாங்கிய சேர்மானங்கள் 20 லட்சம் என்றால், அவர்களில் ஒருவரும் வெல்லாமல் போகும் நிகழ்தகவு சுமார் 75 விழுக்காடு. முழுவதையும் வாங்கியவருக்குச் சராசரியாக ஜாக்பாட்டில் 87 விழுக்காடு கிடைக்கும். மற்றவர்களும் எழுபது லட்சம் வாங்கியிருந்தால் அந்தச் சராசரி 63 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

இந்தப் பங்கீட்டுக் கணக்கையும் தவணைக் கணக்கையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. 0.57-ஐ 0.63-ஆல் பெருக்கினால் 0.36. அறிவித்த ஒவ்வொரு டாலருக்கும் கைக்கு வரும் மதிப்பு 36 சென்ட் என்றால், போட்ட பணம் திரும்பவே ஜாக்பாட் முழுச் செலவைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு இருக்க வேண்டும். ஜாக்பாட் குறைந்தது மூன்று மடங்காக வளர்ந்த பிறகே இறங்க வேண்டும் என்பது மாண்டெலின் விதி என்று பரவலாகச் சொல்லப்படுவதன் பின்னே உள்ள நியாயம் இதுதான் என்று கருதுகிறேன். வர்ஜீனியாவில் அன்று அந்த விகிதம் 3.8. இன்னொருவரோடு பங்கிட நேர்ந்திருந்தாலும், வரிக்கும் செலவுகளுக்கும் முன்னால் சிறு லாபம் நின்றிருக்கும். மூவராகப் பங்கிட்டிருந்தால் நட்டம்.

சுருக்கும் முறையும் அதன் எல்லையும்

மாண்டெல் முதலில் செய்தது முழு வாங்கல் அன்று. 1960-களின் ருமேனியாவில் அவரிடம் அதற்கான பணம் இல்லை. குறைந்த டிக்கெட்டுகளைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட பரிசுக்கு உத்தரவாதம் தேடும் சுருக்க முறையையே அவர் அப்போது கையாண்டார். தெரிந்தெடுத்த 15 எண்களைக் கொண்டு ஆறாறாக அமைத்தால் 5,005 சேர்மானங்கள் வரும். வெல்லும் ஆறு எண்களும் அந்தப் பதினைந்துக்குள் அடங்கிவிட்டால் குறைந்தது ஐந்து எண்களாவது பொருந்தியே தீர வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைத்தால், 5,005-இல் பெரும்பகுதியை விட்டுவிடலாம். அவர் அதை 569-ஆகக் குறைத்ததாகச் செய்திகள் கூறுகின்றன.

ஏன் குறைக்க முடிகிறது என்பதை எளிதாகக் காணலாம். ஒரு டிக்கெட்டில் உள்ள ஆறு எண்களில் ஒன்றை நீக்கி, பதினைந்தில் மீந்த ஒன்பதில் ஒன்றை இட்டால், அதிலிருந்து ஒரே எண்ணால் வேறுபடும் 54 சேர்மானங்கள் கிடைக்கும். ஆக ஒரு டிக்கெட் தன்னையும் சேர்த்து 55 சேர்மானங்களுக்குக் காவல். 5,005-ஐ 55-ஆல் வகுத்தால் 91. இந்த உத்தரவாதத்தை 91-க்கும் குறைந்த டிக்கெட்டுகளால் எவராலும் தர முடியாது. நடைமுறையில் காவல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்க முறை வெல்லும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. 44 எண்களில் வரும் ஆறும் நாம் எடுத்த பதினைந்துக்குள் அடங்கும் வாய்ப்பு 1,410-இல் ஒன்று. உத்தரவாதம் முழுவதும் அந்த ஒன்றுக்குள்தான் நிற்கிறது. ஒரு டாலருக்குச் சராசரியாகத் திரும்புவது சுருக்கிய பட்டியலிலும் சுருக்காத பட்டியலிலும் ஒன்றே. சிங்கப்பூரின் டோட்டோ ஆட்டத்தில் தமிழர் பலரும் அறிந்த ‘சிஸ்டம்’ பந்தயங்களுக்கும் இது பொருந்தும். சிஸ்டம் 7 என்பது ஏழு சேர்மானங்கள். சிஸ்டம் 12 என்பது பன்னிரண்டு எண்களிலிருந்து வரும் 924 சேர்மானங்கள். அதற்கான 924 டாலரும் செலுத்தியே ஆக வேண்டும். எண்களைக் குறிக்கும் உழைப்பு குறைகிறதே ஒழிய, பந்தயத்தின் தன்மை மாறுவதில்லை. ‘அதிர்ஷ்டச் சூத்திரம்’ என்றும் ‘எண் உருவாக்கும் மென்பொருள்’ என்றும் பணம் வாங்கிக்கொண்டு இவற்றை விற்பவர்கள், வாங்குபவரின் நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். வெல்லும் எண்ணை முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் எதுவும் இல்லை; இருக்கவும் முடியாது.

உருவாக்கம்

எழுபது லட்சம் சேர்மானங்களையும் உருவாக்கும் நிரலை எழுதப் புகுபவர், ஆறு இடங்களிலும் 1 முதல் 44 வரை ஓடவிட்டால் போதுமென்று தொடங்கினால், 725 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் வந்து குவியும். அவற்றில் ஒரே எண் இருமுறை வருபவையும், ஒரே சேர்மானத்தின் வரிசை மாற்றங்களும் நிறைந்திருக்கும். பிறகு அவற்றைச் சலித்தெடுப்பது வீண் வேலை. தொடக்கத்திலேயே எண்களை ஏறுவரிசையில் மட்டும் அமைப்பது என்று வைத்துக்கொண்டால் இரட்டிப்பே எழாது.

அகராதி வரிசை என்று இதற்குப் பெயர். 1, 2, 3, 4, 5, 6-இல் தொடங்கி, வலக்கோடியில் உள்ள எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 1, 2, 3, 4, 5, 44-ஐ எட்டியதும் அந்த இடம் நிறைந்துவிட்டது; இடப்பக்கம் ஒரு படி நகர்ந்து, அங்குள்ள 5-ஐ 6 ஆக்கி, அதன் வலப்பக்கத்தை அடுத்தடுத்த எண்ணால் நிரப்பினால் 1, 2, 3, 4, 6, 7 கிடைக்கும். 1, 2, 3, 42, 43, 44-க்கு அடுத்தது 1, 2, 4, 5, 6, 7. இடமிருந்து வலமாக ஆறு இடங்களுக்கும் உச்ச வரம்பு முறையே 39, 40, 41, 42, 43, 44; ஆறும் வரம்பைத் தொட்டால் பட்டியல் முடிந்தது. பழைய கார்களின் ஓட்டமானியில் எண்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளி நகர்வது போன்ற இயக்கம்தான். ஒவ்வொரு சக்கரமும் தனக்கு இடப்பக்கம் இருப்பதைவிடப் பெரிய எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் விதி.

பட்டியல் சரியா என்பதைச் சோதிக்க எழுபது லட்சம் வரிகளையும் படிக்க வேண்டியதில்லை. மொத்தம் 70,59,052 இருக்க வேண்டும். 1 முதல் 44 வரையுள்ள ஒவ்வொரு எண்ணும் சரியாக 9,62,598 சேர்மானங்களில் வந்திருக்க வேண்டும். ஏதேனும் ஒரு எண் இந்தக் கணக்குக்கு ஒன்று குறைந்தோ கூடியோ நின்றால், எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது அல்லது இரட்டித்திருக்கிறது. சேர்மானப் பட்டியல் உருவாக்கும் எவரும் பழக்கமாகக் கொள்ள வேண்டிய சோதனை இது.

இவ்வளவு சிரமம் எதற்கு, இயந்திரமே எண்களைத் தேர்ந்து தரும் ‘குவிக் பிக்’ முறையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ஒழுங்கான பட்டியலின் அருமை தெரிகிறது. குருட்டாம்போக்கில் எடுக்கும்போது முன்பு எடுத்ததே மீண்டும் வரும். 70,59,052 முறை அப்படி வாங்கினாலும் எல்லாச் சேர்மானங்களிலும் சுமார் 63 விழுக்காடுதான் கைக்கு வரும். மீதிப் பணம் இரட்டிப்புகளில் கரைந்துபோகும். ஐம்பது லட்சம் முறை வாங்கினால் 51 விழுக்காடுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். அதே ஐம்பது லட்சத்தைப் பட்டியலிலிருந்து வாங்கினால் 71 விழுக்காடு.

காகிதம், கடை, நேரம்

வர்ஜீனியாவில் வாங்குபவர் எண்களைக் குறித்துக் கொடுக்கும் தேர்வுச் சீட்டு ஒவ்வொன்றிலும் ஐந்து ஆட்டங்களுக்கு இடம் இருந்தது. 70,59,052-ஐ ஐந்தால் வகுத்தால் 14,11,811 சீட்டுகள். கடைசிச் சீட்டில் இரண்டு ஆட்டங்கள் மட்டும். இவ்வளவையும் கையால் நிரப்புவது நினைத்துப் பார்க்க முடியாதது. எனவே கணினிகளையும் லேசர் அச்சு இயந்திரங்களையும் கொண்டு, எண்கள் குறிக்கப்பட்ட சீட்டுகள் ஆஸ்திரேலியாவிலேயே அச்சிடப்பட்டுக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. ஜாக்பாட் பெருகும் வாரம் வரும்வரை அவை காத்திருந்தன. ஒரு சேர்மானப் பட்டியல் டன் கணக்கில் எடையுள்ள சரக்காக மாறிய இந்தக் கட்டத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்; ஏனெனில் இதற்குப் பிறகு வந்த தடைகள் அனைத்தும் சரக்குக்கு வரும் தடைகளே.

சீட்டு நிரப்பப்பட்டிருப்பதனால் மட்டும் அது டிக்கெட் ஆகிவிடாது. கடையில் உள்ள இயந்திரம் அதைப் படித்து, மைய கணினியில் பதிந்து, டிக்கெட்டை அச்சிட்டுத் தர வேண்டும். ஒரு சீட்டுக்கு ஐந்து வினாடி என்று தாராளமாகக் கொண்டால்கூட, 14,11,811 சீட்டுகளுக்கு ஒரே இயந்திரம் இரவும் பகலும் ஓடினாலும் 81 நாட்களுக்கு மேல் ஆகும். நூறு இயந்திரங்கள் இடைவிடாமல் ஓடினால் இருபது மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் காகிதச் சுருள் தீரும், மாற்ற வேண்டும். சீட்டு சிக்கும், எடுக்க வேண்டும். பணியாளருக்கு ஓய்வு வேண்டும். வரிசையில் நிற்கும் மற்ற வாடிக்கையாளருக்கும் பதில் சொல்ல வேண்டும். குலுக்கல் வாரத்துக்கு இருமுறை நடந்ததால், முந்தைய குலுக்கலில் யாரும் வெல்லவில்லை என்று உறுதியான பிறகு மிஞ்சும் அவகாசமோ மிகக் குறுகியது.

குழு பல கடைத்தொடர் நிறுவனங்களோடு பேசி, அவற்றின் கிளைகளில் ஒரே சமயத்தில் டிக்கெட்டுகளை அச்சிட ஏற்பாடு செய்தது. ஆனாலும் நேரம் போதவில்லை. விற்பனை மூடப்பட்டபோது ஏறத்தாழ ஐம்பது லட்சம் சேர்மானங்களே வாங்கப்பட்டிருந்தன. எழுபது லட்சமும் கையில் இருக்கும், ஜாக்பாட் தவறவே தவறாது என்ற அடித்தளத்தில் கட்டிய திட்டம், நூற்றுக்கு 29 தோல்வி வாய்ப்புள்ள பந்தயமாக அந்தச் சனிக்கிழமை மாறிப்போயிருந்தது. முதலீட்டாளர்களுக்குச் சொல்லப்பட்டது உத்தரவாதம். அவர்கள் கையில் இருந்ததோ பத்துக்கு ஏழு. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம், வென்ற கதை பரவும்போது இந்தப் பகுதி சுருங்கி மறைந்துவிடுகிறது என்பதுதான்.

வென்ற சேர்மானம் பட்டியலில் எங்கே இருந்தது?

அகராதி வரிசைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. எந்தச் சேர்மானத்தைக் கொடுத்தாலும் அது பட்டியலில் எத்தனையாவது என்று, பட்டியலைப் புரட்டாமலே சொல்லிவிடலாம். 8, 11, 13, 15, 19, 20-ஐ எடுத்துக்கொள்வோம். இதற்குப் பின்னால் வருபவை எத்தனை என்று எண்ணினால் போதும்.

முதல் எண் 8-ஐவிடப் பெரிதாக உள்ளவை, மீதமுள்ள 36 எண்களில் ஆறினை எடுப்பவை: 19,47,792. முதல் எண் 8 ஆகவே இருந்து இரண்டாவது 11-ஐவிடப் பெரிதாக உள்ளவை, 33 எண்களில் ஐந்தினை எடுப்பவை: 2,37,336. இவ்வாறே மூன்றாவது இடத்தில் 31 எண்களில் நான்கு, 31,465, நான்காவதில் 29 எண்களில் மூன்று, 3,654, ஐந்தாவதில் 25 எண்களில் இரண்டு, 300, கடைசியில் 24. இவற்றின் கூட்டுத்தொகை 22,20,571. அதை 70,59,052-இலிருந்து கழித்தால் 48,38,481. ஆகவே வென்றது பட்டியலின் 48,38,481-ஆவது சேர்மானம்; சீட்டுக்கு ஐந்தாக அடுக்கினால் 9,67,697-ஆவது சீட்டின் முதல் ஆட்டம்.

திரும்பியும் வரலாம். 48,38,481 என்ற இலக்கத்தை மட்டும் கொடுத்தால், பின்னால் உள்ள 22,20,571-க்குள் அடங்கும் மிகப் பெரிய ஆறெண் சேர்மானத் தொகை 36 எண்களுக்கு உரியது என்று கண்டு, 44-இலிருந்து 36-ஐக் கழித்தால் முதல் எண் 8. மீதி 2,72,779-க்குள் அடங்கும் மிகப் பெரிய ஐந்தெண் தொகை 33 எண்களுக்கு உரியது. ஆகவே இரண்டாவது எண் 11. இப்படியே ஆறும் வெளிப்படும்.

இது வெறும் கணித அழகு அன்று. பல கடைகளில், பல கைகளில் வேலையைப் பிரித்துக்கொடுக்கும்போது, ‘இத்தனையாவது முதல் இத்தனையாவது வரை’ என்ற இரண்டு இலக்கங்களே ஒரு கட்டுக்கு முழு முகவரியாகிவிடும். எந்தக் கட்டு முடிந்தது, எது பாதியில் நின்றது என்று குறித்துக்கொண்டே வந்தால், குலுக்கல் முடிந்த மறுகணமே ஆறு எண்களையும் இலக்கமாக்கி, அது எந்தக் கட்டில் விழுகிறது, அந்தக் கட்டு வாங்கப்பட்டதா என்று பார்த்துவிடலாம். லட்சக்கணக்கான டிக்கெட்டுகள் பெட்டிபெட்டியாகக் குவிந்திருக்கும் அறையில் வென்ற ஒன்றைத் தேட வேண்டியவருக்கு இந்த ஐந்தாறு கூட்டல்களைவிட மேலான உதவி கிடையாது. வாங்கிய ஐம்பது லட்சமும் பட்டியலின் முதல் ஐம்பது லட்சம்தான் என்று இந்த இலக்கத்தை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது; பல கடைகளில் ஒரே நேரத்தில் நடந்த வேலையில் விடுபட்டவை அங்கங்கே கட்டுக்கட்டாகத்தான் கிடக்கும்.

வென்ற ஆறு எண்களில் ஒன்றுகூட 31-ஐத் தாண்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிறந்தநாள், திருமணநாள் என்று தேதிகளைக் குறிப்பவர்கள் எங்கும் மிகுதி. 31-க்குள் அடங்கும் சேர்மானங்கள் 7,36,281. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மக்கள் வாங்கும் டிக்கெட்டுகளில் அவற்றின் பங்கு அதைவிட அதிகமாக இருக்கும். ஆக, பங்கீடு நேர்வதற்கு ஏற்ற பகுதியிலேயே குலுக்கல் விழுந்தும், இன்னொரு வெற்றியாளர் இல்லாமல் போனது குழுவுக்குக் கிடைத்த இரண்டாவது அதிர்ஷ்டம். முழு வாங்கலில் திட்டமிட்டு ஒழிக்க முடியாத இடர் இது ஒன்றே.

உரிமைக் கோரிக்கை

டிக்கெட் செசபீக் நகரில் உள்ள ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ சூப்பர் மார்க்கெட் ஒன்றில் அச்சானது. வர்ஜீனியா லாட்டரியின் இயக்குநர் கென்னத் தார்சன் பணம் தருவதற்கு முன் ஒரு கேள்வியை எழுப்பினார். டிக்கெட் அச்சாகும் இயந்திரம் உள்ள கடையிலேயே அதற்கான பணமும் செலுத்தப்பட வேண்டும் என்பது விதி. குழுவின் மொத்தக் கொள்முதலுக்கான பணமோ அந்தக் கடைத்தொடர் நிறுவனத்தின் தலைமையகத்தில் செலுத்தப்பட்டிருந்தது. எல்லாச் சேர்மானங்களையும் வாங்குவதைத் தடுக்கும் விதி எதுவும் அப்போது இல்லை. சர்ச்சை முழுக்க முழுக்கக் கல்லாப்பெட்டி எங்கே இருந்தது என்பதைப் பற்றியதுதான். அந்தக் குறிப்பிட்ட டிக்கெட் விதிக்குப் புறம்பாக விற்கப்பட்டது என்று நிறுவ முடியாத நிலையில், 1992 மார்ச்சில் பரிசு குழுவுக்கே வழங்கப்பட்டது. மொத்தக் கொள்முதலைக் கட்டுப்படுத்தும் விதிகள் அதன்பின் இறுகின.

அயர்லாந்தும் டெக்சஸும்

அதே 1992 மே மாத இறுதியில் அயர்லாந்தின் தேசிய லாட்டரியில் ஸ்டெஃபான் கிளின்செவிச் தலைமையிலான கூட்டுக்குழு இதே முயற்சியில் இறங்கியது. அங்கே 36 எண்களில் ஆறு. வென்ற சேர்மானத்துக்குப் பின்னால் எத்தனை என்று மேலே எண்ணியபோது வந்த அதே 19,47,792 சேர்மானங்கள். ஒரு சேர்மானத்துக்கு 50 பென்ஸ் என்பதால் முழுவதற்கும் 9,73,896 ஐரிஷ் பவுண்டு. ஜாக்பாட் 17 லட்சம். அத்துடன் நான்கு எண்கள் பொருந்தினால் 100 பவுண்டு என்ற சிறப்பு அறிவிப்பும் அந்த வாரம் இருந்தது. நான்கு பொருந்தும் சேர்மானங்கள் இந்த அமைப்பில் 6,525 என்பதைக் கணக்கிட்டவர்களுக்கு, அந்த அறிவிப்பே ஆறரை லட்சம் பவுண்டுக்குச் சமம் என்பது உடனே தெரிந்திருக்கும். லாட்டரி நிர்வாகம் பெருமளவில் விற்ற கடைகளின் இயந்திரங்களை நிறுத்தித் தடுக்க முயன்றதால் குழுவால் முழுவதையும் வாங்க முடியவில்லை. வென்ற சேர்மானம் கையில் இருந்தது. ஆனால் வேறு இரு டிக்கெட்டுகளும் வென்றன. மூன்றில் ஒரு பங்காக 5,68,682 பவுண்டு மட்டுமே ஜாக்பாட்டிலிருந்து கிடைத்தது. சிறு பரிசுகள்தான் குழுவை லாபத்தில் நிறுத்தின.

அயர்லாந்து அதற்குத் தந்த பதில் கணிதத்திலேயே இருந்தது. அதே ஆண்டில் எண்களை 39 ஆக்கினார்கள். சேர்மானங்கள் 32,62,623 ஆயின. 1994-இல் 42 ஆக்கினார்கள், 52,45,786 ஆயின. ஆறே எண்களைக் கூட்டியதில் சேர்மானங்கள் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகின. ஆனால் இதற்கு விலையுண்டு: சாதாரணமாக ஒரு சேர்மானம் வாங்குபவரின் வாய்ப்பும் அதே அளவுக்குச் சுருங்கியது. மொத்தமாக வாங்குபவரைத் தடுக்கும் சுமையைத் தனியாக வாங்குபவர் மேல் ஏற்றிய தீர்வு இது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

எண்ணிக்கையைப் பெருக்குவது மட்டும் தடையாகாது என்பதை டெக்சஸ் காட்டியது. லாட்டோ டெக்சஸ் ஆட்டத்தில் 54 எண்களில் ஆறு, 2,58,27,165 சேர்மானங்கள், வர்ஜீனியாவைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல். 2023 ஏப்ரல் 22 குலுக்கலில் ஜாக்பாட் 9.5 கோடி டாலர். ஒரு குழு ஏறத்தாழ எல்லாச் சேர்மானங்களையும், 99 விழுக்காட்டுக்கும் மேல், சில நாட்களுக்குள் வாங்கி முடித்து, ஒரே தொகையாக 5.78 கோடி டாலரைப் பெற்றது. மெல்பர்னில் லேசர் அச்சிட்டுக் கப்பலில் ஏற்றிய சீட்டுகளுக்குப் பதிலாக இங்கே க்யூஆர் குறியீடுகள் இருந்தன. இயந்திரம் அவற்றை நொடியில் படித்தது. கூடுதல் டிக்கெட் இயந்திரங்களும் ஒரு சில விற்பனை இடங்களிலேயே குவிக்கப்பட்டன. 1992-இல் திட்டத்தை முறித்த அதே இடுக்கு முப்பத்தோராண்டு கழித்து அகலத் திறந்துகிடந்தது.

டெக்சஸ் சட்டமன்றம் 2025-இல் லாட்டரி ஆணையத்தையே கலைத்து, பொறுப்பை வேறொரு மாநிலத் துறைக்கு மாற்றியது. இணையவழி விற்பனையையும் வாடிக்கையாளருக்காக டிக்கெட் வாங்கித் தரும் கூரியர் நிறுவனங்கள் வழியான விற்பனையையும் தடை செய்து, ஒரு கொள்முதலுக்கு 100 டிக்கெட் என்ற வரம்பை வைத்தது. அந்த வரம்பை மட்டும் கணக்கிட்டால், 2,58,27,165 சேர்மானங்களுக்கு 2,58,272 தனித்தனிக் கொள்முதல்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கடை முகப்பில் ஒரு நிமிடம் என்று வைத்தாலும், ஒரே கவுன்டரில் இரவு பகலாக நின்றால் 179 நாட்கள்.